போர்ட்ஸ்மத் மெஷின்

குவீன்ஸ்டவுன்,
சிங்கப்பூர்.
6 செப்டம்பர் 1981

அன்புள்ள உர்சுலா அக்காவுக்கு,

தம்பி சிலுவைராஜ் எழுதுவது. மாதாவின் கிருபையில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அத்தானும் அங்கே சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோவிலுக்குப் போக மட்டும் அந்தக் கால் எப்படியோ நடந்துவிடுகிறது. பூசை முடிந்து, வாசலில் நின்று, "எம் பொண்ணு சீமையில கம்ப்யூட்டர் ஓட்டுறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்ன பிறகுதான் பஸ் ஏறுகிறாள்.

அக்கா, இந்தக் கடிதத்தைக் கடுப்பில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாங்கியில் புது ஏர்போர்ட் திறந்ததும் எங்கள் கார்கோ கம்பெனியும் அங்கே போய்விட்டது. பஸ் மாறி மாறித் தீவின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்து என்ன, பாய லேபார் பழைய ஏர்போர்ட்டில் பார்த்த அதே வேலைதான். மூட்டையைத் தராசில் ஏற்று, எடையை எழுது, இறக்கு. ஆனால் புதுக் கட்டடத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டி, ஏர்கான் போட்டு, உள்ளே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். வருகிற மே மாதம் பரீட்சை வைத்து எங்களுக்குள்ளேயே சிலரைப் புரோகிராமர் பயிற்சிக்கு எடுக்கப்போகிறார்களாம். முப்பது வயது ஆகியிருக்கக் கூடாது. எனக்கு ஜூனில் முப்பது. இதை விட்டால் சாகும்வரை தராசுதான்.

அதற்காகச் சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே நடக்கிற மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். படி ஏறும்போதே மிளகாய்த்தூள் நெடியில் தும்மல் வருகிறது. பெயர்தான் கம்ப்யூட்டர் பள்ளி, உள்ளே கம்ப்யூட்டர் இல்லை! செல்லக்கண்ணு சார் கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்து, "இதுதான் கம்ப்யூட்டர்னு வச்சுக்குங்க" என்றார். வைத்துக்கொண்டோம். உண்மையான மெஷின் எப்போது வரும் என்று கேட்டால், "நெக்ஸ்ட் மன்த் வந்துடும்லா" என்கிறார். மாவைத் தொடவிடாமல் பரோட்டா வீசக் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் எழுதும் புரோகிராம் ஓடுமா ஓடாதா என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒரு நாதி இல்லை. கம்பெனிக் கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் நின்றாலே காவல்காரர் முறைக்கிறார்.

நீங்கள் அங்கே கம்ப்யூட்டர் அறையில்தானே இருக்கிறீர்கள்? இத்துடன் ஒரு சின்ன புரோகிராம் வைத்திருக்கிறேன். உங்கள் மெஷினில் ஓட்டி, என்ன வருகிறது என்று அனுப்ப முடியுமா? எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அம்மா உங்கள் இருவருக்கும் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறாள்.

உங்கள் தம்பி,
சிலுவை

*

போர்ட்ஸ்மத்,
இங்கிலாந்து.
4 அக்டோபர் 1981

அன்புத் தம்பி சிலுவைக்கு,

அக்காவின் ஆசீர். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். அத்தான் வழக்கம்போல இந்த ஊர் மீனில் ருசியே இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு தனியாக அனுப்பியிருக்கிறேன். அதைத் தேய்த்துவிடுவது உன் பொறுப்பு.

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் வயிற்றுவலி வருகிற பையனாயிற்றே நீ! கம்ப்யூட்டரா? சரி, நடக்கட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்வதுபோல நான் எதையும் ஓட்டவில்லை. கப்பல் சாமான் கம்பெனியில், மெஷின் படிப்பதற்காகக் கார்டில் துளை போடுகிற பெண்களில் ஒருத்தி. உன் தாளில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு கார்டு வீதம் துளை போட்டு, கட்டாகக் கட்டி, மெஷின் பார்க்கிற பையனிடம் கெஞ்சிக் கொடுத்தேன். அவன் நல்லவன். ஓட்டித் தந்தான்.

வந்த பதிலை அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். பச்சைக் கோடு போட்ட அகலத் தாள், ஓரமெல்லாம் ஓட்டை. இரண்டு பக்கமும் முழுக்கத் தப்பு என்றுதான் அடித்திருக்கிறது. பார்த்ததும் பயந்துவிடாதே. அந்தப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது வரியின் முடிவில் புள்ளி இல்லை, அதனால் அதற்குப் பின்னால் வந்த எதுவும் மெஷினுக்கு விளங்கவில்லை என்றான்.

நீ படிக்கிற புத்தகத்தின் பெயரை எழுது. இங்கே நூலகத்தில் கிடைத்தால் நானும் புரட்டிப் பார்க்கிறேன். துளை போடுகிறவளுக்கு எதில் துளை போடுகிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

அன்புடன்,
அக்கா உர்சுலா

*

குவீன்ஸ்டவுன்
18 அக்டோபர் 1981

அன்புள்ள அக்காவுக்கு,

சிலுவை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். களிம்பு வந்தது. அம்மா அதைத் தேய்க்காமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள், சீமைச் சாமானாம்.

ஒரு புள்ளி, அக்கா! கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, உன் நாலாவது வரியில் ஒரு புள்ளி இல்லை என்று சொல்வதற்கு இத்தனை நாளா? தாளைப் பிரித்தேன். பார்த்துவிட்டு அப்படியே சுருட்டி மூலையில் எறிந்தேன். பிறகு அம்மா அதை எடுத்து நீவி, கோடு போட்ட நல்ல தாள் என்று அலமாரித் தட்டில் விரித்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் மெஷின் மேல். வரி அங்கே முடிகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியுமே. நான் என்ன சொல்ல வந்தேன் என்று அதற்குப் புரியாதா? புரியாத ஒன்றை எதற்கு இத்தனை காசு கொட்டி ஏர்கானில் வைத்திருக்கிறார்கள்? இதைச் செல்லக்கண்ணு சாரிடம் கேட்டேன். "மெஷின் வந்ததும் எல்லாம் கிளியர் ஆயிடும்லா" என்றார். கரும்பலகைப் பெட்டியை மட்டும் போன வாரத்தை விடப் பெரிதாக வரைந்தார்.

திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒரு புரோகிராமும் இருக்கிறது. புத்தகத்தின் பெயரைப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், அக்கா. இந்த மாதிரி சில்லறைத் தப்பு கண்ணில் பட்டால் நீங்களே திருத்தி ஓட்டிவிடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஏர்மெயில் என்றால் மே மாதம் எனக்கு எப்படி வரும்? எனக்கு இருப்பது உங்கள் மெஷின் ஒன்றுதான்.

உங்கள் தம்பி,
சிலுவை

*

போர்ட்ஸ்மத்
30 ஜனவரி 1982

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட அனுப்பவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம் இருக்கும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நாங்கள் நலம். இந்த வருடம் குளிர் கொஞ்சம் அதிகம். விரலெல்லாம் வெடித்திருக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

உன் இரண்டு புரோகிராமும் நன்றாக ஓடின. கம்பெனியில் இப்போது சிக்கனம். அகலத் தாளை வெளியே எடுத்துப் போக விடுவதில்லை. அதனால் வந்த பதிலை இங்கே எங்கள் கோவில் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்து அனுப்புகிறேன். இரண்டாவதில் ஓர் எழுத்தை விட்டிருந்தாய். நீ சொன்னபடி திருத்திவிட்டேன். கீழே குறிப்பும் போட்டிருக்கிறேன்.

நீ சொன்ன புத்தகத்தை நூலகத்தில் எடுத்துவிட்டேன். முதல் அத்தியாயம் கொட்டாவி வரவழைத்தாலும் மூன்றாவது பரவாயில்லை. அத்தான் என்னைப் பார்த்து, "பரீட்சை உனக்கா, உன் தம்பிக்கா?" என்று கேட்கிறார்.

அடுத்ததை அனுப்பு. நாள் ஓடுகிறது.

அன்புடன்,
அக்கா

*

குவீன்ஸ்டவுன்
14 பிப்ரவரி 1982

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் அன்பு. நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். அம்மா உங்கள் விரல் ஏன் வெடித்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "இத்தனை வருஷக் குளிர்ல வெடிக்காத வெரலு இப்ப ஏன் வெடிக்குது?" என்கிறாள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இரண்டும் ஓடிவிட்டன! அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மண்டைக்கனத்தோடு திரிந்தேன். உங்கள் மெஷினும் இப்போது மரியாதை பழகிவிட்டது. முன்பு இரண்டு பக்கம் திட்டியது, இப்போது 'இந்த வரியை இன்னொரு முறை பார்க்கவும்' என்று கெஞ்சுகிறது. என் எழுத்து தேறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

செல்லக்கண்ணு சார் பள்ளியில் மெஷின் வந்தேவிட்டது. ஆனால் சந்தோஷப்படாதீர்கள். டைப்ரைட்டர் அளவில் ஒரு பெட்டி, மேலே ஒரு சின்ன டிவி. வகுப்பு முழுவதற்கும் ஒன்று. வரிசையில் நின்று நின்று என் முறை வந்து உட்கார்ந்தால், நாங்கள் படிக்கிற கோபோல் அதற்குத் தெரியாதாம். அதற்கு வேறு ஏதோ மொழியாம்! "அப்ப எதுக்கு சார் வாங்குனீங்க?" என்று கேட்டேன். "பாக்கறதுக்காச்சும் ஒரு மெஷின் வேணாமா?" என்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் குவீன்ஸ்டவுன் வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

இத்துடன் வைத்திருப்பது பெரிய புரோகிராம். ஒரு விமானத்தில் ஏறும் மூட்டைகளின் எடையை ஒவ்வொன்றாகக் கூட்டி, கடைசியில் மொத்தத்தை அச்சடிக்க வேண்டும். பரீட்சையில் இந்த மாதிரிதான் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த மொழியில் எந்த எண்ணையும் வைக்க, இலக்கத்துக்கு ஒன்று வீதம் முன்கூட்டியே கட்டம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் நான்கு கட்டம், மொத்தத்துக்கும் நான்கு கட்டம் ஒதுக்கியிருக்கிறேன். மூட்டைகளின் எடையையும் எழுதியிருக்கிறேன், தராசிலிருந்து எடுத்த உண்மை எடைகள். இது ஓடிவிட்டால் நான் பரீட்சைக்குத் தயார்.

தம்பி,
சிலுவை

*

போர்ட்ஸ்மத்
21 மார்ச் 1982

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே விழைகிறேன். அம்மாவிடம் எண்ணெய் தடவுகிறேன் என்று சொல்.

ஓடியது. மொத்த எடை 12350. நானும் தனியாகக் கூட்டிப் பார்த்தேன், அதேதான். டைப் அடித்த தாள் உள்ளே.

அலுப்பாக இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். பரீட்சை அன்று காலையில் சாப்பிடாமல் போகாதே. உனக்காக நாங்கள் இருவரும் ஜெபமாலை சொல்கிறோம்.

அன்புடன்,
அக்கா

*

குவீன்ஸ்டவுன்
23 மே 1982

அக்காவுக்கு,

சிலுவை எழுதுவது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

தோற்றுவிட்டேன். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஒரு விமானத்தின் மூட்டைகளைக் கூட்டி மொத்தம் காட்டு. அதே கணக்கு! மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது நான் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தேன். நம் மூட்டைகளின் எடையே மனப்பாடமாக இருந்ததால் சோதனைக்கு அதையே போட்டேன். மத்தியானம் ஓட்டிய தாளைக் கொடுத்தார்கள். மொத்தம் 2350 என்று இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே, இருக்கவில்லை. திருத்துகிறவர் நஃபீசா என்று ஒரு மேடம், கண்ணாடி அறையில் மூத்த புரோகிராமர். அவரிடமே போய், "மேடம், உங்க மெஷின் ராங்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு வாங்க, பேசலாம்" என்றார். மறுநாள் நான் உங்கள் தாளைக் கையோடு கொண்டுபோனேன். இதோ பாருங்கள், இங்கிலாந்து மெஷின் 12350 என்று போட்டிருக்கிறது என்று அவர் மேஜையில் விரித்தேன்.

அவர் என் புரோகிராமையும் உங்கள் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "மொத்தத்துக்கு நாலு எடந்தானே விட்டிருக்கீங்க? அஞ்சாவது நம்பர் எங்க போய் உக்காரும்?" என்றார். இடம் இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற இலக்கத்தை மெஷின் வெட்டிப் போட்டுவிடுமாம், கேட்கவே கேட்காதாம். பரீட்சையில் அவர் வேண்டுமென்றே வைத்த பள்ளம் அதுதானாம். அப்படியானால் போர்ட்ஸ்மத்தில் எப்படிச் சரியாக வந்தது என்று நானும் விடவில்லை.

"யாரு ஓட்டுனது இத?"

"எங்க அக்கா, மேடம்."

"இது மெஷின் போட்ட கணக்கு இல்லலா, மிஸ்டர் சிலுவை. எந்த ஊர் மெஷினா இருந்தாலும் நாலு எடம்னா நாலு எடந்தான். இது உங்கள தெரிஞ்சவங்க போட்ட கணக்கு."

அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நான் அனுப்பியதை மெஷினில் ஓட்டினீர்களா இல்லையா? ஓட்ட முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் வேறு யார் காலிலாவது விழுந்திருப்பேனே. மாதக்கணக்கில் தப்பைச் சரி என்று நம்பவைத்துவிட்டீர்கள். வருகிற மாதம் எனக்கு முப்பது.

சிலுவை

*

போர்ட்ஸ்மத்
18 ஜூலை 1982

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இதையும் தொடங்குகிறேன்.

ஓட்டவில்லை. உன் முதல் புரோகிராம் மட்டும்தான் மெஷினில் ஓடியது. போன நவம்பரில் கம்பெனி எங்கள் அறையை மூடிவிட்டது. மெஷினை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள், துளை போடுகிற எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருக்கிறேன். படுக்கை விரிப்புகளை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கிற வேலை. கை வெடித்தது அதனால்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். 'எனக்கு இருப்பது உங்கள் மெஷின் ஒன்றுதான்' என்று எழுதிய கடிதம் கையில் இருக்கும்போது என்னவென்று சொல்வது? அம்மா கோவில் வாசலில் நின்று பேசுவதை எழுதியதும் நீதான். அதை எப்படி நிறுத்தச் சொல்வேன்?

அதனால் புத்தகத்தைப் படித்தேன். சாப்பாட்டு மேஜையில் நீ இடம் ஒதுக்கிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன். அத்தான் மூட்டைகளின் எடையை ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் உன் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, அது சொன்னதைச் செய்து, சீட்டை அழித்து அழித்து எழுதினேன். அவர் கார்டு வாசிக்கிற மெஷின், நான் கூட்டுகிற மெஷின். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அதுதான் வேலை. சிரித்துக்கொண்டேதான் செய்தோம், சிலுவை. உன்னை ஏமாற்றுகிறோம் என்று தோன்றவில்லை, உன் கூடவே உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருந்தது.

மொத்தம் பத்தாயிரத்தைத் தாண்டியபோது நான்கு இலக்கச் சீட்டின் ஓரத்தில் ஐந்தாவது இலக்கத்தைச் சேர்த்து எழுதிக்கொண்டேன். இடம் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்தாயிரம் கிலோ சரக்கைத் தூக்கி எறிய எனக்கு எப்படி மனம் வரும்? நீ என்ன கேட்க வந்தாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நீ எழுதியது கண்ணில் படவில்லை.

நீ கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. சில்லறைத் தப்பைத் திருத்திவிடுங்கள் என்று கேட்டது நீதான். இத்தனை கடிதத்திலும் 'சுகமா' என்று கேட்டாய், நான் 'நலம்' என்று எழுதினேன், அதோடு சரி. விரல் ஏன் வெடித்தது என்று அம்மா ஒருத்திதான் கேட்டாள். நீ அதை எழுதிவிட்டு அடுத்த வரியில் உன் புரோகிராமுக்குப் போய்விட்டாய்.

அக்கா

*

குவீன்ஸ்டவுன்
15 ஆகஸ்ட் 1982
தேவமாதா விண்ணேற்புத் திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாங்கி போகிற பஸ்ஸில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் அழுதாள். இனிமேல் கோவில் வாசலில் வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்தேன். போன ஞாயிறு என்ன சொன்னாள் தெரியுமா? "எம் பொண்ணு கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் வேல பாக்குறா!" இவளை என்ன செய்வது?

நஃபீசா மேடம் ஜூனிலேயே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். புரோகிராமர் வேலை இல்லை, அது போனது போனதுதான். கண்ணாடி அறையில் கணக்கெல்லாம் பதிந்த டேப்பை மெஷினில் மாட்டிக் கழற்றுகிற ஆள் தேவை, யாரும் வர மறுக்கிறார்கள், அதற்கு வயதும் பார்ப்பதில்லை, வருகிறாயா என்றார். "என்கிட்டயே வந்து என் மெஷின் ராங்னு சொன்ன ஆளுல்ல, பக்கத்துலயே இருந்து பாருங்க" என்று சிரித்தார். சம்பளம் தராசில் வாங்கியதேதான். சிலுவை மூட்டை தூக்கினான், இப்போது டேப் தூக்குகிறான். என்னோடு எழுதித் தேறிய பையன்கள் உள்ளே வந்து, "அங்கிள், இந்த டேப்ப மாட்டுங்க" என்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுகிறேன். ஆனால் வேலை இல்லாத நேரத்தில் என் சொந்தப் புரோகிராமை ஓட்டிக்கொள்ள மேடம் அனுமதித்திருக்கிறார். மெஷின் தினமும் என்னைத் திட்டுகிறது. முன்னைவிட மோசமாகத் திட்டுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் டைப் அடித்த தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் புரோகிராம்களை இந்த மெஷினில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அந்த ஓர் இலக்கம் தவிர எல்லாம் மெஷினோடு ஒத்துப்போகிறது. பரீட்சை எனக்குத்தான், படித்தது நீங்கள். உங்கள் சலவைக்கூடத்தில் எண்ணுவதற்கு ஏதாவது இருக்குமே. அதற்கு நீங்கள் ஒரு புரோகிராம் எழுதி அனுப்புங்கள். இந்த முறை மெஷின் என் பக்கம் இருக்கிறது.

எழுதுவீர்களா?

உங்கள் தம்பி,
சிலுவை

*

போர்ட்ஸ்மத்
10 அக்டோபர் 1982

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அத்தானுக்கு இருமல், கடல் காற்றின் மேல் பழி போடுகிறார். அம்மாவின் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு.

இதற்கெல்லாம் எனக்கு வயதில்லை என்று உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். பிறகு அனுப்பவில்லை. ஒவ்வொரு வார்டிலிருந்தும் எத்தனை விரிப்பு சலவைக்கு வந்தது, எத்தனை திரும்பிப் போனது, எத்தனை காணவில்லை என்று தினமும் எங்கள் மேற்பார்வையாளர் கையால் எழுதித் தப்பாகக் கூட்டி எங்களைத் திட்டுவார். அதற்குத்தான் எழுதியிருக்கிறேன். மொத்தத்துக்கு ஏராளமாக இடம் விட்டிருக்கிறேன், நீ சிரிக்கக் கூடாது.

சமையலறையில் அத்தானை வைத்துப் பல முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவருக்கும் எனக்கும் விரிப்புகளைத் தெரியும். அதனால் நம்பிக்கை இல்லை.

அக்கா

*

குவீன்ஸ்டவுன்
28 நவம்பர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

சிலுவை எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் இரண்டு நாளாக வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் காட்டினேன், பீரோவில் இருந்த களிம்பைப் பூட்டை உடைக்காத குறையாக எடுத்துத் தேய்த்துவிட்டேன். எனக்கு உடம்பு பரவாயில்லை, மனது பாதி நாள் எரிச்சலில்தான் இருக்கிறது. இனிமேல் உங்களுக்கு இப்படித்தான் எழுதுவேன். உங்கள் கை இப்போது எப்படி இருக்கிறது? கையுறை கொடுக்கிறார்களா? அத்தானின் இருமல் நின்றதா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். 'நலம்' என்ற ஒரு வார்த்தை போதாது.

உங்கள் புரோகிராமுக்குக் கார்டு துளைத்தது நானேதான். எங்கள் கம்பெனியில் கார்டு துளைக்கிற பெண்கள் என் வேகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இத்தனை வருடம் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பது என் விரலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு புள்ளிகூட விடவில்லை நீங்கள். நேற்று ஷிப்ட் முடிந்ததும் ஓட்டினேன்.

பதிலை அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். பச்சைக் கோடு போட்ட அகலத் தாள், ஓரமெல்லாம் ஓட்டை. முதல் வரியில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. அம்மா அதைக் கேட்டு அடம்பிடித்தாள், அலமாரியில் விரிக்க அல்ல, கோவிலுக்கு எடுத்துப் போக. கொடுக்கவில்லை, அது உங்களுடையது.

ஒவ்வொரு வார்டின் கணக்கும் சரி. மொத்தம் தப்பு. கடைசி வார்டின் விரிப்புகளை மெஷின் இரண்டு முறை கூட்டியிருக்கிறது. எந்த வரியில், ஏன் என்று எனக்குத் தெரியும். பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "பாவம்டா, நீயே சரி பண்ணி அனுப்பேன்" என்றாள்.

திருத்தவில்லை, அக்கா.

உங்கள் தம்பி,
சிலுவைராஜ்